இரவல் கந்தல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாசகரின் திட்டிலிருந்து கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மாத இதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதியிருந்தேன். குறைந்த சாமானோடு பயணம் போவது, வீட்டிலும் அப்படியே வாழ்வது பற்றி. ஒரு பை, இரண்டு உடுப்பு, ஒரு துண்டு போதும், மிச்சமெல்லாம் மனச்சுமை. நல்ல கட்டுரைதான். அதை எழுதி முடிக்க எனக்கு ஒரு மின்விசிறி, இரண்டு மூக்குக்கண்ணாடி, நாலு தம்ளர் காப்பி, வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருப்பது ஆகியவை தேவைப்பட்டன.

பத்தாம் நாள் ராஜபாளையத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அகமது கபீர், இரும்புக்கடை.

"ஐயா, எங்க ஊர்ல ஆயிரத்துத் தொள்ளாயிரம் வாக்குல பணக்காரவுக எல்லாரும் நீங்க எழுதின மாதிரிதான் ஒத்தைத் துணியோட ரோட்டுல போனாகளாம். பயத்துல. அப்ப ஏழைக என்ன ஆனாகன்னு உங்க கட்டுரையில காணோமே?"

அவர் சொன்னது உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்துவிடலாம். 'பயத்துல' என்ற சொல்லை அதற்குப் பிறகு என்ன செய்வது?

2

தொடக்கங்கள்:

[மேற்கே மலையடிவாரத்தில் செண்பகத்தின் மணம் காற்றில் — அடித்துவிட்டேன். பயந்து நடப்பவளுக்குப் பூ மணக்காது.]

[எளிமை என்பது — இங்கேயே நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கிய எந்த வாக்கியமும் எளிமையாக முடிந்து நான் பார்த்ததில்லை.]

சுடலையம்மாளிடம் ஒரே ஒரு சேலை இருந்தது.

இது நிற்கட்டும். இவள் ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரி காசிராஜன் வீட்டில் தண்ணீர் சுமப்பவள், மாடு பார்ப்பவள், கஞ்சி காய்ச்சுபவள். காது தோள்வரை வளர்ந்து தொங்கும். அதில் ஒரு காலத்தில் கனத்த தங்கப் பாம்படம் கிடந்தது. புருஷன் படுக்கையில் விழுந்தபோது விற்றாள். பாம்படம் போன பிறகு புருஷனும் போனான். காது மட்டும் அப்படியே தொங்கிற்று.

அந்த வருஷம் மழை இல்லை. ரோட்டில் வழிப்பறி என்று பேச்சு. கூமாப்பட்டியில் ஒருத்தியின் பாம்படத்தைக் காதோடு அறுத்துக்கொண்டு போனார்கள் என்று புதன்கிழமை சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அதே காது கான்சாபுரத்தில் அறுந்தது. ஞாயிற்றுக்கிழமை சோழபுரத்தில் அறுந்தபோது ராஜபாளையத்துப் பணக்கார வீடுகளில் ஒரே நாளில் எல்லாப் பெண்களும் பாம்படத்தைக் கழற்றினார்கள். ஆண்கள் கடுக்கனைக் கழற்றினார்கள். வில்வண்டிகளின் சலங்கை அவிழ்ந்தது.

பயந்துவிட்டோம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், "எளிய வாழ்வு சபை" என்று ஒன்று தொடங்கினார்கள். காசிராஜன் தலைவர்.*

* சபையின் முதல் தீர்மானம் தலைவருக்கு மாலை போடக்கூடாது என்பது. அதை அறிவித்ததற்காகத் தலைவருக்கு மாலை போட்டார்கள்.

3

சபைத் தலைவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் எளிமையைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தார். ஏழு மைலும் ஏழை வேஷத்தில் நடந்தே போவதாகத் திட்டம். அவர் மனைவி ரத்தினத்துக்கும் அங்கே அண்ணன் மகள் கல்யாணம் இருந்தது. ஆகவே ஒரு வாரம் முன்னாலேயே பயிற்சி ஆரம்பமாகியது. சொல்லிக்கொடுப்பவள் சுடலையம்மாள்.

"ஏட்டி சுடலை, ஏழை எப்படிட்டி நடப்பான்?"

"வேலைக்குப் போறப்ப வெரசா நடப்பான் மொதலாளி. வேலை முடிஞ்சா நடக்க மாட்டாம நடப்பான்."

"பேச்சைக் கொற. நடந்து காட்டு."

அவள் கிணற்றடியிலிருந்து மாட்டுக்கொட்டில்வரை நடந்தாள். அவர் பின்னால் நடந்தார்.

"வயித்த உள்ள இழுங்க மொதலாளி."

"இழுத்துத்தான்டி வச்சிருக்கேன்!"

ரத்தினத்துக்குக் கும்பிடுவதில் சந்தேகம். "கையை எம்புட்டு ஒசத்தணும்?"

"உங்களைக் கும்பிடறதுக்காம்மா, மத்தவியளைக் கும்பிடறதுக்கா?"

உடுப்புதான் சிக்கலாயிற்று. ரத்தினம் தன் பழைய சேலை ஒன்றை எடுத்து நாலு இடத்தில் கிழித்துக் கட்டிக்கொண்டு வந்தாள். சுடலையம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கிழிக்கிற கிழிசல் வேற, கிழியிற கிழிசல் வேறம்மா. இது கோடு போட்டாப்புல இருக்கு. தூரத்துல இருந்தே தெரியும்."

ரத்தினம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப உன்னதை அவுத்துக் குடு. கல்யாணம் முடிஞ்சு வந்து தாரேன். நான் ஒண்ணும் சும்மா கேக்கல."

பதிலுக்குக் கொடுத்தது சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட மதுரைச் சுங்குடி. தண்ணீர் படாதது.

அன்று சாயங்காலம் முழுக்கச் சுடலையம்மாள் சந்தோஷமாக இருந்தாள். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுவதுதான் நியாயம். முந்தானையை மூக்கில் வைத்து வைத்துப் பார்த்தாள். பானைத் தண்ணீரில் குனிந்து தன்னைப் பார்த்தாள்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த வண்டிக்காரன் சேதி சொன்னான். அங்கே வாழ்க்கைப்பட்ட சுடலையம்மாளின் மகள் பரிபூரணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவம். பார்க்க வேறு பெண்பிள்ளை கிடையாது. உடனே வரவேண்டும்.

அப்போதுதான் சுடலையம்மாள் மறுபடி பானைக்குள் குனிந்து பார்த்தாள். புதுச்சேலை. வெறுங்காது. ஊரில் பாம்படத்தைக் கழற்றி ஒளித்து வைத்திருந்த எல்லாப் பணக்காரப் பெண்களும் எப்படி இருந்தார்களோ, அச்சு அசல் அப்படி இருந்தாள்.

4

அபுபக்கர் ராவுத்தரின் ஜவுளிக்கடைக்கு ஓடினாள்.

"எலி கடிச்சது, கரையான் அரிச்சது ஏதாச்சும் இருக்கா ராவுத்தரே?"

"எலி கடிச்சதெல்லாம் திங்கக்கிழமையே வித்துப்போச்சு. இப்ப நல்ல துணியை விரிச்சு வச்சு எலியைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். ஒண்ணும் வர மாட்டேங்குது." சிரித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "நீ எதுக்குக் கேக்கறே?"

சொன்னாள்.

"இந்தச் சேலையோட ரோட்டுல போகாத தாயி. நல்ல சேலையில வெறுங்காதைப் பாத்தாத்தான் இப்ப நிறுத்தறானுவளாம். ஒளிச்சு வச்சிருக்கான்னு அர்த்தமாம்."

"போவாம? எம்மவ ஒத்தையில கெடக்கா."

"மண்ணுல பொரட்டி எடுத்துக் கட்டேன்."

"பொரட்டிப் பாத்தேன். அழுக்குப் பட்ட புதுச்சேலையாத்தான் இருக்கு."

ராவுத்தர் கடையின் கடைசி அலமாரிவரை தேடினார். எல்லாம் புதுசு.

வீட்டுக்குத் திரும்பி ரத்தினத்திடம் தன் சேலையைக் கேட்டாள்.

"நல்லாக் கேட்ட போ! நாங்களும் நாளைக்குத்தானே கிளம்புதோம். எங்ககூடவே வா. மூணு பேராப் போனா எவன் வருவான்?"

காசிராஜனும் சரி என்றார். நல்ல சேலை கட்டிய ஒரு ஏழையை மேடையில் காட்டலாம் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

[இந்த இடத்தில் ரத்தினத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. தெரிந்தே செய்தாளா? வழியில் யாராவது வந்தால் கண் முதலில் சுங்குடியில்தானே படும் என்று கணக்குப் போட்டாளா? அப்படி ஒருமுறை எழுதினேன். கதை எளிதாகிவிட்டது, கெட்டவள் கிடைத்துவிட்டாள், நான் நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் கிழித்துப்போட்டேன். ரத்தினம் அதையெல்லாம் யோசிக்கவே இல்லை. சுடலையம்மாளுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை, அவ்வளவுதான். இப்படி எழுதினபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.]

5

இந்தப் பகுதியில் வழிப்பறிக்காரர்களின் பசியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். உருக்கமாக வந்திருந்தது. சுடலையம்மாளை ரோட்டில் நிறுத்திவைத்துவிட்டு நான் உருகுவது சரியாகப் படவில்லை. எடுத்துவிட்டேன்.

6

விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பினார்கள். முன்னால் காசிராஜன், கோவணத்தின்மேல் ஒரு துண்டு. அடுத்து ரத்தினம், சுடலையம்மாளின் சேலையில், இடுப்பில் ஒரு கஞ்சிக் கலயம். பின்னால் சுடலையம்மாள், சுங்குடியில், கையில் ஒரு சிறு மூட்டை: சுக்கு, ஓமம், கருப்பட்டி. பேறுகால மருந்து.

கல்யாணத்துக்கு வெறுங்காதோடு போகமுடியாது. ஆகையால் ரத்தினத்தின் பாம்படம் கலயத்தின் அடியில் கிடந்தது. மேலே கஞ்சி. அதை ஊற்றிக் கொடுத்தவளே சுடலையம்மாள்தான். மூன்று பேருக்கும் தெரியும்.

"தாகமா இருக்கு. ஒரு வாய் கஞ்சி குடு" என்றார் காசிராஜன், இரண்டாம் மைலில்.

"பேசாம வாங்க. கஞ்சி கொறைஞ்சா அடி தெரியும்."

எதிரே வெகு தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்தது. எவ்வளவு நடந்தாலும் அதே அளவில் நின்றது. காசிராஜன் சொற்பொழிவை முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்: "மகாஜனங்களே, இல்லாதவனுக்கு எதைப் பற்றிய பயம்?" பின்னால் வந்தவளுக்கு அந்த வரி கேட்டது. அவள் இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு நடந்தாள். பிறகு, பொத்தினால் ஏதோ இருக்கிறது என்று நினைப்பார்களே என்று கையை எடுத்தாள். பிறகு மறுபடி பொத்தினாள்.

[அவளுடைய பயத்துக்கு ஓர் உவமை தேடினேன். கழுகு, மான் என்று என்னவோ வந்தது. காதைப் பொத்தி எடுத்த அந்தக் கையே போதும்.]

எதிரில் ஆள் வரவில்லை. ஆடு மேய்க்கிறவன்கூட இல்லை. நாலாம் மைலில் வறண்ட கண்மாய். கரையில் முள் அடர்ந்த ஓர் உடைமரம். அடியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மடியில் அரிவாள் கிடந்தது.

அவர்கள் எழுந்திருக்கவே இல்லை. சுடலையம்மாள் சொல்லிக்கொடுத்தபடியே காசிராஜன் கும்பிட்டார்.

"போங்க பெரியவரே. பாவம், போங்க" என்றான் அரிவாள்காரன்.

காசிராஜன் வாழ்க்கையில் அவரை யாரும் பாவம் என்று சொன்னதில்லை. அந்தப் பயத்திலும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது.* ரத்தினமும் கடந்து போனாள்.

"நீ நில்லு ஆத்தா."

* இந்த மலர்ச்சியை எடுத்துவிடச் சொல்லி நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். அவரும் மேடையில் பேசுகிறவர்.

7

"காதுல கெடந்தது எங்க?"

"வித்துட்டேன் ஐயா. அஞ்சாறு வருசமாச்சு."

"எல்லாரும் அதைத்தான் சொல்லுதீக. போன வாரம் ஒருத்தி வித்துட்டேன்னா. கொண்டைக்குள்ள இருந்துச்சு."

மூட்டையை அவிழ்த்தான். சுக்கு மண்ணில் உருண்டது.

"பேறுகால மருந்து ஐயா. எம்மவளுக்கு."

"பாருங்கலே, சுங்குடி கட்டினவ கருப்பட்டி சொமந்துக்கிட்டு நடந்து போறாளாம்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அரிவாள் நுனியை அவளுடைய தொங்கும் காதின் ஓட்டைக்குள் விட்டு மெள்ள மேலே தூக்கினான். இரும்பு கன்னத்தில் பட்டது. அவள் நுனிக்காலில் நின்றாள்.

இல்லாததை எப்படிக் காட்டுவது? சேலையை உதறிக் காட்டலாம், கொண்டையை அவிழ்த்துக் காட்டலாம். அதன் பிறகும் அவன், வீட்டில் புதைத்துவைத்தாயா என்றுதான் கேட்பான்.

"ஏ கிழவி!" அவன் ரத்தினத்தைக் கூப்பிட்டான். "ஓடாத, நில்லு. உங்கூடத்தானே வந்தா? இவ யாரு?"

8

முடிவுகள்.

அ. காசிராஜன் திரும்பி வந்து, "அவ எங்க வீட்டு வேலைக்காரி. சேலை நாங்க குடுத்தது" என்கிறார். காது தப்புகிறது. ஆனால் கோவணம் கட்டியவனுக்கு வேலைக்காரி ஏது என்று அரிவாள்காரன் யோசிப்பான். அவன் கண் கலயத்துக்குப் போகும். இதை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் காசிராஜன் வாயைத் திறந்தார், தொண்டையைக் கனைத்தார், "மகாஜனங்களே" என்பதற்குமேல் எதுவும் வரவில்லை.

ஆ. ரத்தினம் சொல்கிறாள்: "எங்க மொதலாளியம்மா." இதை ஒரே மூச்சில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். எவ்வளவு இயல்பாக வந்தது என்று பார்த்துப் பயந்து தாளைத் திருப்பி வைத்தேன்.

இ. "யாரோ எவளோ. வழியில சேந்துக்கிட்டா." பொய்யும் பாதிதான், பழியும் பாதிதான். படித்தவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். என் கட்டுரையை எழுதியவன் நிச்சயமாக இதைத்தான் சொல்லியிருப்பான்.

இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்தபோதுதான் என் புத்திக்கு உறைத்தது. சுடலையம்மாளுக்கும் வாய் இருக்கிறது. அவள் காது யாருடைய வாயில் தொங்குகிறது என்றே இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் ஒரு சொல் சொன்னால் போதும். கலயம். அரிவாள் இறங்கிவிடும். ஆனால் அது அடுத்து எங்கே ஏறும் என்றும் அவளுக்குத் தெரியும். பிறகு ராஜபாளையத்தில் அவளுக்கு அடுப்பில்லை, வேலையில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு போட வழியில்லை. சொல்லாவிட்டால் அவன் கை இன்னும் கொஞ்சம் உயரும்.

ரத்தினத்தின் உள்ளங்கை தானாகவே கலயத்தின் வாயை மூடியிருக்கிறது. அந்தக் கையைச் சுடலையம்மாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பார்ப்பதை ரத்தினம் பார்த்துவிட்டாள்.

"சொல்லுங்கட்டி, எவளாச்சும்" என்கிறான் அவன்.

எனக்கு இதற்குமேல் கை ஓடவில்லை. இனி நீங்கள் எழுதுங்கள். யார் வாயை வேண்டுமானாலும் திறக்கலாம். எந்தச் சொல்லையும் போடலாம். பிடிக்காவிட்டால் அந்த மூன்று பேரையும் உடைமரத்தடியிலிருந்து கிளப்பி அனுப்பிவிடலாம், சேலைகளை மாற்றிக் கட்டிவிடலாம், நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஆறஅமர உட்கார்ந்து யோசிக்க உங்களுக்கு நேரம் இல்லை. மீதி மூன்று மைல் இருக்கிறது. பரிபூரணத்துக்கு வலி கண்டுவிட்டது.