சந்துப் பக்கத்துக் கதவு

அடுப்பில் குக்கர் மூச்சு விடத் தொடங்கிய நேரத்தில் வாசல் மணி அடித்தது. சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். அகலத் தொப்பி அணிந்த நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். தோளில் தொங்கிய பைக்குள் நீலத் தகடுகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன.

"கதவெண் போட வந்திருக்கேம்மா. டிவில பார்த்திருப்பீங்களே."

பார்க்காமல் என்ன? கொஞ்ச நாளாக ஊரெல்லாம் அதே பேச்சுத்தான். நாடு முழுவதும் ஒரு கதவு விடாமல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அதைச் சொன்னால் போதும். மரத்தடி, மாடி வீடு, பச்சை கேட் என்று வழி சொல்லித் தொண்டை வற்ற வேண்டியதில்லை. தபாலோ சிலிண்டரோ ஆம்புலன்ஸோ நேராக அந்தக் கதவிலேயே வந்து நிற்கும்.

"ஒரு தடவை கதவைச் சாத்திட்டு உள்ளேருந்து திறங்கம்மா" என்றாள் தொப்பிக்காரம்மா.

"இப்பத்தானே திறந்தேன்?"

"உள்ளே தினமும் தூங்கி எழுந்திருக்கற ஆள் திறக்கணும், நான் படிமேல நின்னு பார்க்கணும். அதான் எங்க முறை. சொந்த வீடா, வாடகையா, அதெல்லாம் எங்களுக்கு வேணாம். ஆள் இருக்கா, அவ்வளவுதான்."

சின்னவள் சிரித்துக்கொண்டே சாத்தித் திறந்தாள். தொப்பிக்காரம்மா செல்போனைக் கதவுக்கு நேராகப் பிடித்தாள். திரை பச்சையானதும் நிலையில் தகட்டை வைத்துத் திருகாணியை முடுக்கினாள். பிறகு அதே திரையை விரலால் விரித்துப் பார்த்தாள்.

"பின் சந்துல உங்களுக்கு இன்னொரு கதவு இருக்கே? மேலேருந்து எடுத்த படத்துல தெரியுது."

இந்தக் கேள்விக்காகத்தான் சின்னவள் காலையிலிருந்து காத்திருந்தாள்.

"அது சாமான் அறை" என்றாள்.

முந்தின நாள் சாப்பிடும்போதே கணவன் சொல்லிவிட்டான். "அண்ணி ரூமுக்குத் தனி நம்பர் விழுந்துச்சுன்னா அப்புறம் அது தனி வீடு. நாளைக்கு எவனாவது ஏத்திவிட்டா பங்கு குடுன்னு வந்து நிப்பாங்க. நீயே பார்த்து முடிச்சிடு." சொல்லிவிட்டுத் தன் பேட்டரிக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பூட்டை அவளிடம் நீட்டினான்.

அவனுடைய அண்ணன் இறந்தபோது, அண்ணியைக் 'கொஞ்ச நாளைக்கு' என்று சொல்லித்தான் பின்னறைக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு இரண்டு மருமகள்கள் என்பதால் தெருவில் அவள் பெரியவள், இவள் சின்னவள். அந்தக் கொஞ்ச நாளுக்கு முடிவே வரவில்லை. பிறகு, திருட்டுப் பயம் என்று சொல்லி, வீட்டுக்கும் பின்னறைக்கும் நடுவே இருந்த வழியைக் கணவன் செங்கல் வைத்து அடைத்துவிட்டான். அதற்குப்பின் பெரியவளுக்குச் சந்துப் பக்கக் கதவு ஒன்றுதான் வழி. அவளைப் பார்க்க வேண்டுமானால் சின்னவள் முன்வாசல் வழியாக இறங்கி, தெருமுனை திரும்பி, சந்துக்குள் நடந்து போக வேண்டும். போகாமலிருக்க அது ஒரு நல்ல காரணமாகவும் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவளின் தையல் மெஷின் நாள் முழுக்க ஓடும். பள்ளிச் சட்டைகளுக்குக் காலர் தைக்கிற வேலை. அந்தச் சத்தம் நின்றால் மதியச் சாப்பாட்டு நேரம் என்று சின்னவள் கடிகாரம் பார்க்காமலே தெரிந்துகொள்வாள். மனிதர் இல்லாமல் சத்தம் மட்டும் வீட்டில் இருப்பது எவ்வளவு வசதி என்பதை அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று காலை பூட்டும் கையுமாகப் போய் நின்றாள். "அக்கா, கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்திக்குங்க. லைட்டும் வேண்டாம். அவங்க வந்துட்டுப் போனதும் நான் திறந்துவிடறேன்."

பெரியவள் பூட்டைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். ஊசியிலிருந்து நூலை உருவினாள். "சரிம்மா" என்றாள். ஏன் என்று கேட்டிருந்தால் சின்னவளிடம் பதில் தயாராக இருந்தது. பெரியவள் கேட்கவில்லை. வெளியே வந்து தாழைப் போட்டுப் பூட்டினாள்.

இப்போது தொப்பிக்காரம்மா அந்தப் பூட்டின் முன் நின்றாள். "உள்ளே யாரும் படுக்கறதில்லையே?"

"பழைய கட்டில், டிரங்குப் பெட்டி… அந்த மாதிரிதான்."

அது பொய்கூட இல்லை என்று சின்னவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். வீட்டில் வேண்டாததையெல்லாம் வருஷக் கணக்காக அந்த அறையில்தானே கொண்டுபோய் அடைத்திருக்கிறாள்? பெட்டிகளுக்கு நடுவே ஒரு பாயும் ஒரு மெஷினும் போடுகிற இடத்தில் ஒருத்தி இருந்தாள் என்பது மட்டும் சொல்லில் விட்டுப்போனது.

சந்து முனையில் இஸ்திரிக்காரரின் பெட்டிக்கடை. அவருக்கு எல்லாம் தெரியும். அவர் தேய்த்த சட்டையையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றாள் தொப்பிக்காரம்மா. "ஆள் இல்லைன்னு போட்டா, நாட்டுக்கே இங்க ஆள் இல்ல. எந்த வண்டியும் தேடி வராது."

"சாமான் அறைதாங்க."

திரையில் அந்த இடம் சாம்பல் நிறமாகியது.

பூட்டைத் திறக்கச் சின்னவள் உடனே போகவில்லை. குக்கரை இறக்கினாள், துணியை உலர்த்தினாள், வாசல் தகட்டை ஒரு முறை துடைத்தாள். கடைசியில் போய்த் திறந்தபோது பெரியவள் இருட்டில், மூடிய மெஷின்மேல் கைவைத்தபடி, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். வெளிச்சம் பட்டுக் கண்களைச் சுருக்கினாள்.

"என்னம்மா, சாமான் எடுக்க வந்தியா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். பெரியவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். சின்னவளுக்கு அந்தச் சிரிப்பைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

*

மெல்ல மெல்ல எல்லாம் எண்ணுக்கு மாறியது. காலர் துணி கொண்டுவரும் வண்டியும் மாறியது. ஓட்டுகிறவன் புதுப் பையன், திரை காட்டுகிற கதவில் மட்டும்தான் இறங்குவான். பெரியவள் சந்து முனைக்குப் போய் வெயிலில் காத்திருந்தாள்.

"பெரியக்கா, என் கடை நம்பரைக் குடுத்துக்குங்க" என்றார் இஸ்திரிக்காரர். "நான் இதுக்குள்ளயே சுருண்டு படுக்கறதால என் பெட்டிக்கடைக்கே ஒண்ணு அடிச்சுட்டாங்க. கரிப்பெட்டிக்கு விலாசம் இருக்கு, உங்களுக்கு இல்லையாம். நல்ல கூத்து!"

"நான் பெட்டிக்குள்ளகூட இல்ல, பெட்டிங்களுக்கு நடுவுல இருக்கேன். எப்படித் தெரிவேன்?" என்றாள் பெரியவள். இருவரும் சிரித்தார்கள். காய்கறிப் பையுடன் அந்தப் பக்கம் வந்த சின்னவள் காதில் அது விழுந்தது. பார்க்காததுபோல் நடையை எட்டிப்போட்டாள்.

பிறகு ஒரு முற்பகல். சின்னவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் நின்றது. அதற்குள் சாப்பாட்டு நேரமா என்று நிமிர்ந்து பார்த்தாள். இல்லை. நூல் அறுந்திருக்கும், மறுபடி ஓடும் என்று காத்திருந்தாள். ஓடவில்லை. ஏதோ கனமாகச் சரிகிற சத்தம் கேட்டது.

கத்தியைப் போட்டுவிட்டு வாசற்கதவை இழுத்துச் சாத்தி ஓடினாள். தெருமுனை, திருப்பம், சந்து. ஒரு சுவருக்கு அப்பால் இருக்கிற ஆளிடம் போக இவ்வளவு தூரமா என்று கால்கள் கேட்டன.

பெரியவள் தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலக்கை அவளுடையதே அல்லாததுபோல மெஷினுக்கு அடியில் கிடந்தது. கண்கள் மட்டும் சின்னவளைப் பார்த்தன.

சின்னவள் ஆம்புலன்ஸை அழைத்தாள். "உங்க கதவெண்ணைச் சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். வாயில் வந்தது வீட்டு எண். அந்த எண்தான் அவளுக்குத் தெரியும். "வண்டி கிளம்பிடுச்சு, பயப்படாதீங்க" என்றது குரல்.

அவள் பெரியவளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "வந்துடுவாங்க அக்கா, இதோ வந்துடுவாங்க." சீக்கிரமே சைரன் கேட்டது. நெருங்கியது, மிக அருகில் வந்து நின்றது. சந்தில் அல்ல. செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம், அவளுடைய வாசலில். அவள் வீட்டு மணி அடிப்பது சுவர் வழியாகக் கேட்டது. ஒரு முறை, மறுபடி, விடாமல். சாத்திய கதவை யாரோ தட்டினார்கள்.

"இங்கே! இங்கே இருக்கோம்!" அவள் சுவரைக் கையால் அறைந்தாள். கணவன் கெட்டியாகத்தான் கட்டியிருந்தான். சுவரையும் வீட்டையும் தாண்டி வாசல்வரை அந்தச் சத்தம் போகவில்லை.

போன் அடித்தது. "வண்டி உங்க வாசல்ல நிக்குதும்மா, கதவைத் திறங்க."

"நாங்க அங்க இல்ல. பின்னாடி, சந்துல இருக்கோம்."

"பின்னாடியா?" குரல் தயங்கியது. "அங்க சாமான் அறைன்னு இருக்கு. ஆள் இல்லைன்னு காட்டுதே?"

மடியில் கிடந்த கண்கள் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் காதுகளுக்கு எல்லாம் கேட்கிறது என்பது சின்னவளுக்குத் தெரிந்தது. அன்று பூட்டுக்குப் பின்னாலும் கேட்டிருக்கும். அத்தனையும் கேட்டிருக்கும்.

"இருக்காங்க" என்றாள். "நான்தான் இல்லைன்னு சொன்னேன். ஆள் இருக்காங்க. என் அக்கா இருக்காங்க. வாங்க!"

கதவருகே இஸ்திரிக்காரர் மூச்சிரைக்க நின்றார். "சின்னக்கா, என் நம்பரைச் சொல்லுங்க, முனைக்கு வந்துடும்!" என்று கத்தினார். அவளிடமிருந்து போனைப் பிடுங்கித் தானே சொன்னார். வண்டி பின்னால் எடுத்து, பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் போன நேரம் போனதுதான்.

*

உயிர் தங்கியது. வலக்கை திரும்பவில்லை. முன்னமே வந்திருந்தால் கை பிழைத்திருக்குமா என்று சின்னவள் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கத் துணியாத கேள்விகளோடுதான் இனி இருக்க வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

பெரியவள் வீடு திரும்புவதற்குள் சின்னவள் அந்த அறையை ஒழித்தாள். கட்டில் சட்டங்களையும் டிரங்குப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, தெரு பார்க்க, முனை சுற்றித் தன் வீட்டுக்கே சுமந்து வந்தாள். பிறகு திருத்தம் வேண்டும் என்று அவளே போன் செய்து சொன்னாள்.

தொப்பிக்காரம்மா வந்த அன்று கணவன் கடைக்குப் போகவில்லை. சந்தில் அவளை வழிமறித்துவிட்டு மனைவியிடம் திரும்பினான்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நாளைக்குப் பங்குன்னு வந்து நின்னா?"

"சார், இது பட்டா இல்ல" என்றாள் தொப்பிக்காரம்மா அலுப்புடன். "இதை வச்சு யாரும் வீட்டை எழுதி வாங்க முடியாது. இந்தப் பயத்துல எத்தனை வீட்டுல எத்தனை பேரை மறைச்சு வச்சிருக்காங்கன்னு தெரியுமா? மாமியார், வேலைக்காரப் பொண்ணு, மூளை சரியில்லாத தம்பி…"

"அண்ணனுக்கு இருந்த பங்கு அக்காவுக்கு இருந்தா, நம்பர் போட்டாலும் இருக்கும், போடாட்டியும் இருக்கும்" என்றாள் சின்னவள். அவள் குரல் உயரவில்லை. "பங்கு கேட்டா கேட்கட்டும். நீங்க சுவரைக் கட்டினீங்க, நான் பூட்டைப் போட்டேன். ரோடு மாதிரி, தண்ணிக் குழாய் மாதிரி இது ஊருக்கெல்லாம் பொதுவா போடற வழிங்க. எவ்வளவு பெரிசாப் போட்டாலும், வீட்டுக்குள்ள இருக்கற நாமளே ஒருத்தரை இல்லைன்னு சொல்லிட்டா, அந்த வழி அவங்க வாசலுக்கு வராது. மத்தவங்களை அரசாங்கம் கணக்குல எடுக்கணும்னா, முதல்ல நாம அவங்களை ஆளா நினைக்கணும்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சந்து முனையில் இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒதுங்கி நின்றான்.

தொப்பிக்காரம்மா படியில் ஏறினாள். "உள்ளே இருக்கறவங்க திறக்கணும்" என்றாள்.

"திறப்பாங்க. கொஞ்சம் நேரமாகும்."

உள்ளே சுவரைப் பிடித்து நடக்கிற சத்தம். பழக்கமில்லாத இடக்கை தாழைத் தேடித் தடவியது, நழுவியது, மறுபடி பிடித்தது. உள்ளே போய் உதவச் சின்னவளின் கை பரபரத்தது. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் கதவைத் திறக்கிற உரிமையையும் அவள் பறிக்க வேண்டாம்.

தாழ் விலகியது. கதவு திறந்தது. பெரியவள் நிலையில் சாய்ந்து நின்று, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, எல்லோரையும் பார்த்தாள். குளறிய வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கூட்டினாள்.

"என்னம்மா… சாமான்… எடுக்க வந்தியா?"

"இல்லக்கா" என்றாள் சின்னவள். "ஆளைப் பார்க்க வந்திருக்கோம்."

திரை பச்சையானது.