முன் வண்டி

சுருளிராஜன் பெற்றோர் கூட்டமைப்பில் சேரவில்லை. ஒரு நாள் வண்டி ஓட்டத்தான் ஒப்புக்கொண்டான். இரண்டும் வேறு வேறு என்று மனைவி மாரீஸ்வரியிடம் மூன்று முறை சொல்லிவிட்டான். மூன்று முறையும் அவள் "சரி மாமா" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மகள் வேல்விழிக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் விறைப்பு. கம்பத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பயிற்சி அறை இருந்தது. கை கால் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கேதான். வாரம் இரண்டு நாள் போய்ப் போய், கம்பியைப் பிடித்தபடி இருபது எண்ணும்வரை நிற்கப் பழகியிருந்தாள் வேல்விழி. போன வருடம் அறையைப் பூட்டிவிட்டு எல்லோரையும் தேனிக்கு வரச் சொன்னார்கள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வருவது மாதம் ஒருமுறைதான் முடிந்தது. இப்போது ஏழு எண்ணுவதற்குள் முழங்கால் மடங்கிவிடுகிறது. இப்படியே விட்டால் இனி நிற்கவே மாட்டாள் என்று தேனியில் பயிற்சி கொடுக்கிற பெண் மழுப்பாமல் சொல்லிவிட்டாள்.

வாழைத்தார் மண்டியில் எடை போடுகிற ஜக்கம்மாவுக்குப் பேச்சு வராத ஒரு மகன், மதன்குமார். அவள்தான் கம்பம், உத்தமபாளையம், பண்ணைப்புரம் என்று தனித்தனியாகக் கிடந்த மூன்று பெற்றோர் குழுக்களையும் இழுத்துக் கட்டிக் கூட்டமைப்பாக்கினாள். எட்டு மாதம் மனு மேல் மனு. கடைசியில் தேனி கலெக்டர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. முப்பது பிள்ளைகள் இருப்பதாகப் பெற்றோர் கையெழுத்தோடு பட்டியல் கொடுத்தால் அறையைத் திறக்கலாம். இந்த மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மனு வாங்குகிற நாள் திங்கள்; மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையும் வந்துவிட்டது. பட்டியலில் இருந்தவர்கள் இருபத்துநான்கு பேர். பிள்ளைகளையே நேரில் கொண்டுபோய் நிறுத்தி வாதாடுவது என்று ஜக்கம்மா முடிவு செய்தாள்.

அந்த இருபத்துநான்கில் வேல்விழி இல்லை. நான்கு வருடத்துக்கு முன் ஏதோ ஒரு அமைப்பு அவளுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தது. கூட்டத்தைப் பார்த்துப் பிள்ளை அழுதாள். அழுத முகத்தையே ஃபிளக்ஸ் அடித்து பஸ் ஸ்டாண்டில் கட்டிவிட்டார்கள். ஒரு மாதம் தினமும் காலையும் மாலையும் சுருளிராஜன் அதைக் கடந்துதான் ஜீப் ஓட்டினான். அதிலிருந்து, தன் பிள்ளை பெயர் எந்தத் தாளிலும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டான். வேலை செய்யும் இடத்தில் தனக்கு இப்படி ஒரு பிள்ளை இருப்பதையே அவன் பேசுவதில்லை.

காலை ஆறரைக்கு மூன்று ஜீப்புகள் கிளம்பின. எல்லாம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள். தினமும் பதினெட்டுப் பெண்களை அடைக்கிற வண்டி ஒவ்வொன்றிலும் எட்டுத் தாய்மார்களும் எட்டுப் பிள்ளைகளும் தாராளமாகவே உட்கார்ந்தார்கள். சக்கர நாற்காலிகள் மேலே கேரியரில். முதல் வண்டி சுருளிராஜனுடையது. பட்டியலில் இல்லாவிட்டாலும் நானும் வருவேன் என்று கேட்ட வேல்விழி முன்சீட்டில் இருந்தாள், மாரீஸ்வரி பின்னால். அடுத்தது முத்துப்பாண்டி, கடைசியில் ஜோயல். ஜீப் ஸ்டாண்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வரிசையில் புறப்பட்டால் முன் வண்டியை யாரும் முந்தக் கூடாது, முன் வண்டி போகிற வழியைக் கேள்வி கேட்கவும் கூடாது.

தேனிக்கு நேராகப் போக வேண்டும். ஆனால் பதினைந்து வருடமாக அந்த நேரத்துக்கு, நிறைந்த வண்டியோடு, மலை ரோடு பிரிகிற சந்திப்பில் மேற்கே திரும்பிய கை அன்றும் மேற்கே திருப்பியது. மனம் ஃபிளக்ஸில் கிடந்தது. டீசல் போடத் திரும்புகிறான் என்று மாரீஸ்வரி நினைத்தாள். இன்னும் ஒரு பிள்ளையை ஏற்றப் போகிறார்கள் என்று ஜக்கம்மா நினைத்தாள். தாய்மார்கள் பேச்சு மும்முரத்தில் வெளியே பார்க்கவே இல்லை. மூன்று வளைவு தாண்டிய பிறகு வேல்விழிதான் கேட்டாள்.

"அப்பா, தேனி மலை மேலயா இருக்கு?"

தோட்டத்து வழியில் ஏறிவிட்டது அப்போதுதான் சுருளிராஜனுக்கு உறைத்தது. பின்னால் கண்ணாடியில் பார்த்தால் மற்ற இரண்டு வண்டியும் பிசகாமல் வந்துகொண்டிருந்தன. அந்த இடத்தில் திருப்ப வழியில்லை. அகலமான வளைவு இன்னும் மேலே இருந்தது. ஏறித்தான் ஆக வேண்டும்.

பிள்ளைகளுக்கு அது கவலையாகப் படவில்லை. மலையடியிலேயே பிறந்து, தினமும் மலையைத் தூரத்து நீலமாக மட்டும் பார்த்தவர்கள் அவர்கள். யாரும் அவர்களை மேலே தூக்கிக்கொண்டு வந்ததில்லை. கீழே திராட்சைப் பந்தலும் தென்னையும் சின்னதாகிக்கொண்டே போயின. ஒரு வளைவில் மேகம் ஜீப்புக்குள் புகுந்து முகத்தை நனைத்தது. காது அடைக்கிறது என்று ஒருத்தி கத்த, எல்லோரும் கத்தினார்கள். மதன்குமாருக்குப் பேச்சு வராது, விசில் வரும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு விசில் அடித்தான். வேல்விழி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள்.

அகலமான வளைவில் மூன்று வண்டியும் திரும்ப முயன்றபோது, ஜோயலின் வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்று ஆஃப் ஆகிவிட்டது. சுருளிராஜன் இறங்கி முத்துப்பாண்டியைப் பிடித்துத் திட்டினான். தப்பான வழி என்று தெரிந்தும் ஏன் ஹாரன் அடிக்கவில்லை?

"முன் வண்டி போச்சு, போனேன்" என்றான் முத்துப்பாண்டி.

கீழே தோட்டத்து ஜீப்புகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. ஒன்றிலிருந்து அய்யம்மாள் இறங்கி வந்தாள். ஒன்பது வருடமாக சுருளிராஜனின் ஜீப்பில் தோட்டத்துக்குப் போகிறவள். இன்றைக்கு அவன் லீவு சொன்னதால் வேறு வண்டி. திட்டுவதற்கென்றே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"ஏலே சுருளி, லீவுன்னு சொல்லிட்டு இங்கன வந்து ரோட்ட மறிச்சுக்கிட்டு நிக்கிற?"

பிறகு ஜீப்புக்குள் பார்த்தாள். முன்சீட்டையும் பார்த்தாள். யார் இது என்று கேட்டாள். தன் மகள் என்று சுருளிராஜன் சொன்னான். அய்யம்மாள் செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டாள். எங்கே போகிறார்கள், எதற்கு என்று ஜக்கம்மாதான் விளக்கினாள்.

"எம் மகன் வீரணனுக்குக் காது கேக்காது" என்றாள் அய்யம்மாள். "கேம்பு எல்லாம் வேல நாள்லதான் வப்பாக. நாங்க மலை மேல இருப்போம். அவனையும் எழுதுவீகளா?"

ஒன்பது வருடம், ஒரே ஜீப், தினமும் இரண்டு வேளை. அவளும் சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை.

செய்தி வரிசையில் கீழே இறங்கியது. தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு பெண்கள் ஏறி வந்தார்கள். ஒருத்திக்கு மகள், ஒருத்திக்கு அக்காள் பேரன், ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டு பேருக்குமே பார்வை இல்லை. பேரனுக்காக வந்தவளிடம், பெற்றவர்கள் ஓடிப்போய்விட்டதால் வளர்க்கிறவள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஜக்கம்மா தீர்ப்புச் சொன்னாள். ஜீப் பானட்டின் மேல் பட்டியலை விரித்துக் கையெழுத்து வாங்கினார்கள். பின்னால் நின்ற டிரைவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து, கடைசியில் பேனா கொடுத்து உதவினார்கள். பட்டியலில் புதிதாக ஏழு பெயர் ஏறியிருந்தது. அய்யம்மாள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு சுருளிராஜனிடம் திரும்பினாள்.

"ஒம் மக பேரு எங்கன?"

மாரீஸ்வரி மலையைப் பார்த்தாள். முத்துப்பாண்டி இடையில் புகுந்து, முப்பத்தொன்று ஆகிவிட்டது, இனி யார் கையெழுத்தும் வேண்டாம், கிளம்பலாம் என்றான். அது உண்மைதான். அவன் போடாவிட்டாலும் அறை திறக்கும்; போட்டாலும் கூடுதலாக ஒன்றும் ஆகிவிடாது. சுருளிராஜன் முன்சீட்டைப் பார்த்தான்.

"எழுதுப்பா" என்றாள் வேல்விழி. "போட்டோ புடிச்சா மட்டும் நான் சிரிக்கிறப்ப புடிக்கச் சொல்லு."

முப்பத்திரண்டாவதாக அவன் கையெழுத்துப் போட்டான். ஈரத்தில் பேனா சரியாக எழுதவில்லை. இரண்டு தரம் போட்டான்.

அய்யம்மாள் அன்றைய கூலியை விட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். தேனி போய்ச் சேரும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது. வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தார்கள். அதிகாரி பட்டியலைப் புரட்டினார். மேல்தாளில் இருபத்துநான்கு என்றும் உள்ளே முப்பத்திரண்டு என்றும் இருக்கிறதே என்று கேட்டார்.

"வர்ற வழியில கூடிருச்சுக சார்" என்றாள் ஜக்கம்மா.

தாள் ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டார். மழையே இல்லையே.

"மேகம் சார்" என்றாள் மாரீஸ்வரி.

கம்பத்திலிருந்து தேனிக்கு வருகிற வழியில் மேகம் எங்கே இருக்கிறது என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. மதன்குமார் ஒரு விசில் அடித்தான். அதிகாரி சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

ஆறு வாரம் கழித்து அறை திறந்தது. தோட்டத்துக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான் என்று அய்யம்மாள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து அடம்பிடித்ததால், ஞாயிறும் புதனும். முதல் ஞாயிறு வேல்விழி கம்பியைப் பிடித்து நின்றாள். கூட்டமே எண்ணியது. ஒன்பது. இருபது இல்லை, ஒன்பது. சுருளிராஜனுக்கு அது போதுமானதாக இருந்தது; வெளியே போய் இரண்டு டீ குடித்தான்.

சாயங்காலம் மூன்று ஜீப்பும் பிள்ளைகளை வீட்டில் விடக் கிளம்பின. சந்திப்பு வந்ததும் உள்ளே இருந்தவர்கள் "மலை, மலை" என்று ஒரே குரலில் கத்தத் தொடங்கினார்கள். வேல்விழி ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுருளிராஜன் மேற்கே திருப்பினான்.

பின்னால் முத்துப்பாண்டி ஒன்றும் கேட்கவில்லை. முன் வண்டி போனது, போனான்.