பச்சையில் ஒரு பெயர்

பச்சை வந்தவர்களின் பெயரை அச்சடிக்க வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான். காகிதம் மிச்சமாகும் என்று காரணமும் சொன்னேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

2005 ஜூலை மாதம். சுனாமி வந்துபோய் ஏழு மாதம் ஆகியிருந்தது. இளம் வயதுப் பிள்ளைகளின் மனநிலையை அறிய ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் செய்யச் சொல்லி மரக்காணத்தில் ஒரு தொண்டு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. பிள்ளைகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். 'ராத்திரி தூக்கம் வருதா', 'சாப்பாடு பிடிக்குதா' என்று பன்னிரண்டு கேள்விகள் காதில் கேட்கும். திரையில் சிரித்த முகம் ஒன்று, அழுத முகம் ஒன்று. ஏதாவது ஒன்றை அமுக்க வேண்டும். ஆளிடம் சொல்லக் கூசுவதை மெஷினிடம் சொல்லிவிடுவார்கள் என்று நம்பினேன். அழுத முகம் அதிகமானால் பெயர் சிவப்பாகும், சிரித்த முகம் அதிகமானால் பச்சை. சிவப்புப் பெயர்களை மட்டும் அச்சடித்த பட்டியலை எடுத்துக்கொண்டு எங்கள் மனநல ஆலோசகர் லூர்துமேரி வீடு வீடாகப் போவார்.

உப்பளத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து மூன்று நாளில் அறுபத்தோரு பேர் வந்தார்கள். பட்டியல் நீளத்துக்கும் சிவப்பு. லூர்துமேரி ஐந்து வீடு ஏறி இறங்கினார். ஐந்து வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் நாள் ஆதிமூலம் என்ற உப்பளத் தொழிலாளி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"சைக்கிள் எப்பங்க வரும்?"

"எந்த சைக்கிள்?"

"ரொம்ப கஷ்டம்னு சொல்ற புள்ளைங்களுக்குத் தர்றீங்கன்னு பேசிக்கிறாங்களே. எம் பையன் எல்லாத்துக்கும் அழுவுற மூஞ்சியத்தான் அமுக்கியிருக்கான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஏழு மாதமாக, யாராவது பேனாவோடு வந்து கேள்வி கேட்டால் பின்னாலேயே லாரியில் சாமான் வந்துகொண்டிருந்தது. மீனவர் குப்பத்துக்கு வலையும் படகும் வந்தன. உப்பளத்துக்காரர்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி. 'நல்லா இருக்கோம்' என்று சொன்னால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று அவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். என்னுடைய ஆறு வார வேலை ஒரு சைக்கிள் பேச்சில் பாழாய்ப் போனது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"மொத்தத்தையும் அழிச்சிடப் போறேங்க்கா. அவ்வளவும் பொய்," என்றேன் லூர்துமேரியிடம்.

அழிப்பதற்காகத்தான் முழுப் பதிவையும் திறந்தேன். அத்தனை சிவப்புக்கு நடுவில் ஒரே ஒரு பச்சை. அமராவதி, வயது பதினாறு. பன்னிரண்டு கேள்விக்கும் சிரித்த முகம்.

"பாருங்க, ஒருத்தியாவது உண்மையச் சொல்லியிருக்கா."

லூர்துமேரி சிரிக்கவில்லை. "அவ ஸ்கூலுக்கு எவ்ளோ தூரம் நடக்கணும்?"

"நாலு கிலோமீட்டர் இருக்கும்."

"அப்புறம் ஏன் அவளுக்கு மட்டும் சைக்கிள் வேணாம்?"

அவள் வந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. தங்கையின் காதில் என்னவோ சொல்லி நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு தானும் உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்தில் எழுந்து போனாள்.

அப்போதே கிளம்பினோம். வீட்டில் தங்கை மட்டும் இருந்தாள். அக்கா தனியாக உப்பளத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.

"அக்காதான் அழுவுறத அமுக்குன்னு சொல்லிக்குடுத்துச்சி. சைக்கிள் எனக்கு வரணுமாம்," என்றவள் காலை நீட்டிக் காட்டினாள். "இந்தக் கொலுசும் நேத்து எனக்கே குடுத்துடுச்சி. ஸ்கூல் பை, டிரஸ்ஸு எல்லாத்தையும். அதுக்கு இனிமே வேணாமாம்."

நான் பயந்துபோனேன். லூர்துமேரி அதற்குள் தெருவில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார். காகிதத்தை மிச்சம் பிடித்த நான் பின்னாலேயே ஓடினேன்.

உப்பளத்தில் அமராவதி தனியாக ஒரு பாத்திக்குள் நின்று, பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"நான் நல்லாதாங்க இருக்கேன். அதான் மிஷின்ல சொல்லிட்டேனே."

"மிஷின் கேக்காதது ஏதாச்சும் இருக்காம்மா?" என்றார் லூர்துமேரி.

இரண்டு முறை பலகையை இழுத்தாள். மூன்றாவது முறை கை நின்றது.

"கடல் பொங்குன அன்னைக்கி அப்பா இங்க வரப்பு கட்ட வந்துட்டாரு. கஞ்சி எடுத்தார வேண்டியது நானு. தூக்கமா வருதுன்னு தம்பிய அனுப்பிட்டேன். அப்பா ஓடிவந்துட்டாரு. அவன் வரல." என் பக்கம் திரும்பினாள். "எங்கிட்டப் போயி தூக்கம் வருதான்னு கேக்குதுங்க அது."

அந்தக் கேள்வியை எழுதியவள் நான்.

லூர்துமேரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கினார். அவர் பாதத்தில் பித்தவெடிப்பு அதிகம். உப்புத் தண்ணீர் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அமராவதி அந்தக் காலையே பார்த்தாள். "ஐயோ, எரியும். ஏறுங்க."

"நீ ஏறு, நானும் ஏறுறேன்."

"பழக்கமில்லாத காலுங்க. அறுத்துடும்."

"நீ ஏறு."

அமராவதி பலகையைக் கீழே போட்டாள். லூர்துமேரியின் கையைப் பிடித்து வரப்பில் ஏற்றிவிட்டு, தானும் ஏறினாள்.