மூன்று மாதத்துக்கு முந்தைய எண்

பேட்டரித் தொழிற்சாலை மேனேஜருக்குச் சுத்தம் என்றால் உயிர். மேசையில் ஒரு தூசி இருக்கக்கூடாது, கம்ப்யூட்டரில் ஒரு ஷீட் கூடுதலாக இருக்கக்கூடாது. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அன்று காலை அவர் அழித்தது எதைத் தெரியுமா? நூற்றுப்பன்னிரண்டு தொழிலாளர்களின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்று பெயர்வாரியாக எழுதிய ஷீட்டை! அழித்து, சேவ் செய்து, மூடியும் விட்டார் புண்ணியவான். மிஞ்சியது பிரிவுவாரியாகச் சராசரி காட்டும் பிவட் டேபிள் ஒன்றுதான்.

"ஏம்மா, பதினோரு மணிக்கு டாக்டர் அந்த ஷீட்டைப் பார்க்க வந்துடுவாரு. ஏதாவது பண்ணும்மா!" என்று கிளார்க்கம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பயப்படாதீங்க சார். பிவட் தனக்குள்ள ஒரு நகல் வச்சிருக்கும். கடைசில மொத்தம்னு இருக்கிற கட்டத்துல ரெண்டு தட்டு தட்டினா வெளிய வந்துடும்."

தட்டினாள். புது ஷீட் விரிந்தது. நூற்றுப்பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள்.

"அப்பாடா! நீ நல்லா இருப்பே" என்று மேனேஜர் டாக்டரை வரவேற்க வாசலுக்கு ஓடினார்.

கிளார்க்கம்மா வரிசையில் கண்ணை ஓட்டினாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியிருந்தது. ஈயம் உருக்கும் உலைப் பிரிவில் ஏழாவது பெயர் அவள் புருஷனுடையது. எதிரே அறுபத்து மூன்று.

ஐம்பதைத் தாண்டினால் உலைப் பக்கம் விடக்கூடாது என்பது அங்கே விதி. மூன்று மாதத்துக்கு முன் அந்த எண் வந்தபோது அவன் கெஞ்சினான். "கேட்டுல சும்மா உக்கார வச்சிருவாங்க. நாலு பேர் சிரிப்பாங்க. ஒரே ஒரு எண்தானே?" அவளும் ஷீட்டில் முப்பத்தாறு என்று மாற்றினாள். ரெஃப்ரெஷ் கொடுத்துப் புதுப்பிக்காதவரை பிவட் பழைய நகலைத்தான் வைத்திருக்கும். அன்றைய பதற்றத்தில் அதைச் செய்ய மறந்திருந்தாள்.

இப்போது மறுபடியும் முப்பத்தாறு என்று அடிக்க, கீபோர்டில் மூன்றின் மேல் விரல் போய் நின்றது. நேற்று மகளின் பெயரையே அவன் இரண்டு தடவை மாற்றிக் கூப்பிட்டான். சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிறான். பாழாய்ப்போன ரோஷம் அவனுக்கு. அதற்கு இவளும் சேர்ந்து தாளம் போட்டாளே! போதும். கையை எடுத்துக்கொண்டாள். டாக்டர் பார்க்கட்டும், ஆளை வெளியே இழுக்கட்டும். வீட்டில் சண்டை வந்தால் வரட்டும்.

டாக்டர் பார்த்தார். உடனே ஆளை வரவழைத்துக் கையை நீட்டச் சொன்னார். நீட்டினான். வலது மணிக்கட்டு தொங்கியது. எவ்வளவு முக்கியும் அது நிமிரவில்லை.

"நரம்பு போயிருக்கு. முழுசா திரும்புமான்னு சொல்ல முடியாது. அன்னிக்கே உலைலேர்ந்து எடுத்திருந்தா கை தப்பிச்சிருக்கும். அறுபத்து மூணைப் பார்த்துட்டு யாருங்க விட்டது?"

"என்கிட்ட காட்டினப்ப முப்பத்தாறுன்னுதானே இருந்துச்சு..." மேனேஜர் திருதிருவென்று விழித்தார்.

புருஷன் ஏதாவது சொல்வான் என்று ஒரு நொடி பார்த்தாள். அவன் தொங்கிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"நான்தான் சார் பார்த்தேன்" என்றாள் கிளார்க்கம்மா. "பார்த்துட்டுத்தான் மாத்தினேன்."