பாலூட்டிகளுக்குத் தீங்கில்லை

“மருந்து டப்பாவுல பாலூட்டிக்குத் தீங்கில்லைன்னுதானேக்கா போட்டிருந்துச்சு? நான் பால் குடுக்கிறவதானே?”

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள்.

“பாலூட்டின்னா பால் குடுக்கிற தாய்னு அர்த்தமில்லடி. எலி, மாடு, மனுஷன்னு எல்லாத்துக்கும் சேர்த்துச் சொல்றது.”

“அதை டப்பாவுல போட உனக்குக் கை வலிச்சுதா? மூணு மாசப் பிள்ளை இருக்கு, செடிக்கு மருந்தடிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். மேஸ்திரி டப்பாவைத் திருப்பிக் காட்டினார். பார்த்தா உங்க கம்பெனி. எங்கக்கா எழுதினா சரியாத்தான் இருக்கும்னு, மருந்தடிச்ச உடுப்போடயே வந்து பால் குடுத்தேன்.”

எழுதியது அக்காதான். பூச்சிமருந்து ஆய்வகத்தில் பதினோரு வருடம். அவள் போட்ட அட்டவணையில் மூன்று கட்டங்கள்: பூச்சி, உருளைப்புழு, பாலூட்டி. பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. புழுவுக்கு இதயமே கிடையாது. இரண்டின் நரம்பிலும் உள்ள ஒரு கதவை மருந்து திறந்துவிடும், உடம்பு தொய்ந்துபோகும். பாலூட்டிக்கு அதுபோன்ற கதவுகள் இருப்பது மூளையின் பக்கம். ரத்தம் கொண்டுவருவதை உள்ளே விடாமல் நடுவில் ஒரு சுவர் காக்கிறது. இதையெல்லாம் இப்போதுதான் தங்கைக்கு விளக்கினாள். சோதித்தது வளர்ந்த எலிகளில் என்பதையும், சுவர் இன்னும் முற்றாத பச்சிளம் உயிருக்கு நான்காவது கட்டம் போடவில்லை என்பதையும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தை கிடந்தது. பிறந்த வாரம் துணிக்குள் ஓயாமல் நெளிந்ததைப் பார்த்து, ‘புழுக்குட்டி’ என்று கூப்பிட ஆரம்பித்ததும் அக்காதான். இப்போது நெளியவில்லை. ஆய்வகத்தில் புழு செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு மயிரிழையால் தொடுவாள். உயிர் இருந்தால் விலகும். தன்னையறியாமல் அவள் விரல்நுனி குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டது. ஒன்றுமில்லை. மறுபடி தொட்டாள். கட்டைவிரல் மட்டும், யோசித்து யோசித்து, மடங்கியது.

“டாக்டர் என்ன சொல்றார்?”

“டப்பாவுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேக்கறார். கம்பெனிக்குப் போன் போட்டா, நீ எழுதினதையே எனக்குப் படிச்சுக் காட்டறாங்க.”

உள்ளே என்ன கலக்கிறார்கள் என்பதை வெளியே மூச்சுவிடமாட்டேன் என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே அக்கா கையெழுத்துப் போட்டிருந்தாள்.

தங்கை மருந்துச்சீட்டைத் திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே வரும்படி அக்காவின் மடியில் வைத்தாள். பேனாவின் மூடியைத் தானே கழற்றினாள்.

“அதுல என்ன இருக்கு, அந்தச் சுவர் கதை, எல்லாத்தையும் எழுதி, கீழ உன் பேரைப் போட்டுக் குடுக்கா.”