பாறைக்குள் இறங்கும் படி

பெண் பார்க்க வந்தவர்கள் முன் ருக்குமணி கேசரித் தட்டை வைத்தாள். எதிரே பாயில் மணவாளன். எத்தியோப்பியாவில் கணக்கு வாத்தியார். விடுமுறைக்கு வில்லியனூர் வந்தவன். பக்கத்தில் அவன் அம்மா விருத்தாம்பாள். எத்தியோப்பியாவில் போன வருஷம் ராஜாவை இறக்கிவிட்டுப் பட்டாளம் நாட்டைப் பிடித்திருந்தது. மகன் திரும்பிப் போகாமலிருக்கத்தான் அவசரமாகப் பெண் தேடுகிறாள் என்று தரகர் சொல்லியிருந்தார். ருக்குமணிக்கோ இந்த இடம் பிடித்ததே அந்த நாட்டுக்காகத்தான். சொந்த ஊரான பாகூரைத் தாண்டி அவள் போனதெல்லாம் புதுச்சேரிக் கல்லூரிவரை. தரகர் வந்துபோனதிலிருந்து நூலகத்தில் உட்கார்ந்து அந்த நாட்டைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்திருந்தாள்.

"பாட்டு எதனா பாடேம்மா. வாய் பேசுமான்னு பாக்கத்தான்," என்றாள் விருத்தாம்பாள்.

"வூட்ல நல்லாக் கத்துவா. இங்கதான் பூனை," என்றார் அப்பா சுப்பராயலு.

பாட்டு வரவில்லை. "அங்க... அக்சும்னு ஒரு ஊரு," என்றுதான் வந்தது. "ஒரே கல்லுல, வில்லியனூர் தேரைவிட ஒசரமா தூணு நிறுத்தியிருக்காங்க. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவங்க கப்பலு இந்தியாவுக்கெல்லாம் வந்துச்சு."

போதும் என்பதுபோலச் சமையலறையில் அம்மா இருமினாள். ருக்குமணியால் பேச்சை நிறுத்த முடியவில்லை.

"அப்புறம் லாலிபெலா. மகாபலிபுரத்துல மலையைக் குடைஞ்சாங்க இல்ல? அங்க தரையையே கீழ வெட்டிகினு போயி முழு மாதா கோயிலைச் செதுக்கியிருக்காங்க. கூரை நம்ம கால்மட்டத்துல இருக்கும்!"

குரல் ஏறிக்கொண்டே போனது. பீரங்கியோடு வந்த இத்தாலிக்காரனை அட்வா மலையில் அடித்து விரட்டினார்கள். நாற்பது வருஷம் கழித்து விஷப்புகையோடு வந்தான். ஐந்து வருஷத்தில் மறுபடியும் துரத்தினார்கள் என்று சொல்லி முடித்தாள்.

"அட்வா நாளன்னிக்கு எங்க ஸ்கூல் பசங்க ஆடற ஆட்டத்துல தரை அதிரும்," என்றான் மணவாளன். முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தான். "இப்பவும் பட்டாளத்துக்கு எதிரா கொடி புடிச்சிகினு நிக்கறாங்க. இன்னா ஆகும்னு தெரியல."

"நேர்ல பாக்கலாமே!" என்றாள் ருக்குமணி.

"நல்லா இருக்குதும்மா நாயம்," என்றாள் விருத்தாம்பாள். "இவனைக் கட்டிப்போடத்தான் பொண்ணு தேடி வந்தேன். நீ இவனுக்கு முன்னாடி பொட்டி கட்டுவ போலக்குதே."

அப்பா தலை குனிந்தார். எல்லாம் போயிற்று என்று நினைத்தாள் ருக்குமணி.

விருத்தாம்பாள் எழுந்திருக்கவில்லை. கேசரியைத் தொடவும் இல்லை. "அந்தக் கோயிலு," என்றாள் மெதுவாக. "அவ்ளோ பள்ளத்துல எறங்கனவங்க எப்பிடி மேல வருவாங்க?"

ருக்குமணி சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் கோடு இழுத்தாள். சதுரமாகப் பள்ளம், நடுவில் சிலுவைபோல் கூரை, ஓரமாக ஒரு வழி.

"இதோ அத்தை, படி."

என்ன சொல்லி அழைத்தோம் என்பதை அவள் கவனிக்கவில்லை. விருத்தாம்பாள் குனிந்து பார்த்தாள். ஆனி மாத வெக்கையில் மேல்படி காயத் தொடங்கியிருந்தது. ருக்குமணி விரலை மறுபடியும் நனைத்தாள்.