தொண்ணூற்றிரண்டு வீட்டுத் தண்ணீர்

லாஸ்பேட்டையில் பதினோரு வருஷமாக கேன் தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தவர் மஜீத். விடிந்ததும் முல்லா வீதியிலிருந்து தன் லோடு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு ஊருக்கு வெளியே ராஜவேலின் தண்ணீர் கம்பெனிக்குப் போவார். கேன்களை ஏற்றிக்கொண்டு வந்து வீடு வீடாகப் போடுவார். மொத்தம் தொண்ணூற்றிரண்டு வீடுகள்.

அதில் பாதிக்கு மேல் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ். லிஃப்ட் கிடையாது. மற்றவர்கள் கேனைக் கீழேயே இறக்கிவிட்டு ஹாரன் அடிப்பார்கள். மஜீத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி வரை ஏறி, டிஸ்பென்சரில் கவிழ்த்துவிட்டுத்தான் இறங்குவார். வருகிறேன் என்று சொன்ன நாளில் வராமல் இருந்ததில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற பதினாலு வீடுகள் அவரிடம் சாவியே கொடுத்து வைத்திருந்தன. அவர் மனைவி நபீசா ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கலர் நூல் கட்டி, குர்ஆன் வைக்கிற அலமாரியின் கீழ்த்தட்டில் ஆணி அடித்து மாட்டி வைத்திருந்தாள்.

போன ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. அன்றைக்கு வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னால் கம்பெனிக்குப் போய்விட்டார். தண்ணீர் பிடிக்கிற அறையில் ஃபில்டர் மெஷின் பிரித்துப் போட்டபடி கிடந்தது. போர் குழாயிலிருந்து நேராக ஒரு ஓஸை இழுத்து கேன்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

“எத்தன நாளா இப்படி?” என்று கேட்டார்.

“ஞாயித்துக்கெழமையிலேர்ந்து. பார்ட்ஸ் வரணும்,” என்றார் ராஜவேல். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. “நல்ல போர் தண்ணிதான் பாய். சின்ன வயசுல நாமல்லாம் இத்த குடிச்சவங்கதான?”

மஜீத் வெறும் வண்டியோடு வீட்டுக்குத் திரும்பினார். நபீசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கம்பெனிய மாத்திடுங்க. மாத்திட்டு பேசாம இருங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவலியே,” என்றாள்.

“மூணு நாளா அந்தத் தண்ணிய போட்டிருக்கேன். கைக்கொழந்த இருக்கற வீடுங்க இருக்கு. இப்பவும் அதத்தான் குடிச்சிட்டிருப்பாங்க.”

“சொன்னா பழி நம்ம மேலதான் விழும்.”

“பதினோரு வருஷமா பாக்கறவங்க நபீசா. புரிஞ்சுக்குவாங்க.”

அன்றைக்கும் மறுநாளும் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். மீதித் தண்ணீரைத் தானே தூக்கிப்போய்க் கொட்டினார். பொதுப்பணித் துறையில் கிளார்க்காக இருந்த சுலோசனா, “வேற யாராவதா இருந்தா வாய தொறந்திருப்பாங்களா பாய்? நீங்கதான் சொல்லுவீங்க,” என்றாள். அந்தப் படியை இறங்கும்போது அவருக்கு மனசு லேசாக இருந்தது. நபீசாவுக்குப் போன் பண்ணி, “நான் சொன்னேன்ல,” என்றார்.

வெள்ளிக்கிழமை குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மஜீத் பாய் போடுவது ஃபில்டர் பண்ணாத தண்ணீராம், அவரே ஒத்துக்கொண்டாராம். மூன்று நாள் என்பது அதில் இல்லை. ராஜவேலிடம் தண்ணீர் எடுப்பதை அவர் நிறுத்திவிட்டார் என்பதும் இல்லை. சாயங்காலத்துக்குள் ஒருவர் தன் பிள்ளைக்கு ஜூன் மாதம் வந்த காய்ச்சலை ஞாபகப்படுத்தி எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொருவராகச் சாவியைத் திருப்பிக் கேட்டு வந்தார்கள். முதலில் வந்தவர் ஒரு காலேஜ் வாத்தியார். “தப்பா எடுத்துக்காதீங்க பாய்,” என்றார்.

“சார், தண்ணியில தப்பு நடந்துது. சாவியில ஒண்ணும் நடக்கலியே.”

வாத்தியார் கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார். நபீசா உள்ளே போய் நீல நூல் கட்டிய சாவியை எடுத்து வந்து கொடுத்தாள். பத்து நாளில் ஆணி காலியாகிவிட்டது.

மஜீத் விட்டுவிடவில்லை. நல்ல கம்பெனியாகத் தேடிப் பிடித்தார். தண்ணீரை லேபில் கொடுத்து, வந்த ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி எடுத்துக்கொண்டு பழைய வீடுகளுக்கெல்லாம் போனார். கதவைத் திறந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர்கள் யாருமில்லை. ஆர்ஓ மெஷின் வாங்கிவிட்டோம் என்றார்கள். அப்புறம் சொல்கிறோம் என்றார்கள். பலபேர் அதே பக்கம் கேன் போடுகிற காத்தவராயனிடம் மாறியிருந்தார்கள்.

காத்தவராயனும் ராஜவேல் கம்பெனியில்தான் கேன் ஏற்றினான். அந்த மூன்று நாளும் அவனும் அதே தண்ணீரைத்தான் போட்டிருந்தான். ஒரு நாள் வழியில் பார்த்தபோது மஜீத் கேட்டார்: “நீ உன் வீடுங்கள்ல சொல்லலியா?”

“யாரும் கேக்கல பாய்,” என்றான் அவன். கிண்டலாகச் சொல்லவில்லை. பரிதாபமாகத்தான் சொன்னான்.

நவம்பர் மழைக்குள் தொண்ணூற்றிரண்டு வீடு ஒன்பதாகிவிட்டது. டிசம்பரில் மஜீத் ஆட்டோவை விற்றார். வீடுகள் கூடிப்போனதால் காத்தவராயன் இன்னொரு வண்டி வாங்கினான். அதற்கு ஆள் தேவைப்பட்டது. மஜீத் போய்க் கேட்டார். இவரைவிட நல்ல ஆள் கிடைக்காது என்று அவனுக்கும் தெரியும். ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: “வீட்டுக்காரங்ககிட்ட தண்ணியப் பத்திப் பேச்சு வேணாம் பாய்.”

ஜனவரியில் ஒரு காலை சுலோசனா வீட்டுக்குக் கேன் போட வேண்டி வந்தது. அவள் ஆபீஸுக்குக் கிளம்பி, கையில் சாப்பாட்டுப் பையோடு கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் தடுமாறிப்போனாள்.

“நீங்களா பாய்?”

“ஆமாம்மா. இப்ப காத்தவராயன் வண்டி ஓட்டறேன்.”

அவள் கதவை விட்டு நகர்ந்து வழிவிட்டாள். பிறகு, “அன்னிக்கு நீங்க சொன்னது எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துது. ஆனா அதுக்கப்புறம் உங்க கேனப் பாத்தாலே அந்த ஓஸ்தான் கண்ணு முன்னால வந்துது. காத்தவராயன் ஒண்ணும் சொல்லல. அதனால ஒண்ணும் தோணல,” என்றாள்.

மஜீத் தலையை ஆட்டினார். இத்தனை மாதத்தில் யாராவது ஒருத்தர் காரணம் சொன்னது அதுதான் முதல் தடவை. கோபப்படலாம் என்று பார்த்தால் கோபம் வரவில்லை.

“இந்தத் தண்ணி நல்லா இருக்கா?” என்று கேட்டாள்.

காத்தவராயன் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. “அதே கம்பெனிதாம்மா,” என்றார். “மெஷின சரி பண்ணிட்டோம்னு சொல்றாங்க. என்னய உள்ள விடறதில்ல. நான் பாக்கல.”

சுலோசனா கேனைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். டிஸ்பென்சர் காலியாக இருந்தது. “சரி, கவுத்துடுங்க பாய். பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்றாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மஜீத் இதை நபீசாவிடம் சொன்னார். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“எதுக்குச் சொன்னீங்க?”

“கேட்டாங்க.”

“அவங்க காத்தவராயன்கிட்ட சொன்னா?”

“சொல்லலாம்.”

நபீசா குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இன்னும் இருபது கேன் போட வேண்டியிருந்தது. காத்தவராயன் போன் அடிப்பதற்குள் சாப்பிட்டு முடித்துவிடலாம் என்று மஜீத் வேகமாகச் சாப்பிட்டார்.